கும்பிடு வண்டியின் கனம்

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் பட்டறைமேடு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பிணவண்டி இருந்தது, அது செத்தவர்களைக் கண்டால் மண்டி போட்டுக் கும்பிட்டு, முதுகில் ஏற்றிக்கொண்டு, எழுந்து நின்று, அதற்குப் பிறகுதான் சுடுகாட்டுக்குக் கிளம்பும் என்று சொன்னால் பக்கத்து மல்லங்காட்டுக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் செத்தவனை நாலு பேர் எக்கித் தூக்கி நெல்மூட்டை போல டெம்போவில் போடுகிறார்கள், மரியாதையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் நம்பினால்தான் வண்டி ஓடும் என்றும் இல்லை.

வண்டி பிறப்பால் பிரெஞ்சுக்காரன் வண்டி. புதுச்சேரியில் எந்தத் துரையோ விட்டுவிட்டுப் போன, பின்பக்கம் நீண்ட கார். பட்டறைமேட்டு வியாபாரிகள் சங்கம் அதை ஏலத்தில் எடுத்து, பின் சீட்டுகளைப் பிடுங்கிப் பலகை அடித்து, இரண்டு பக்கமும் கம்பி வலை வைத்து, முன்னால் ‘அமரர் ஊர்தி’ என்று எழுதி நிறுத்தியது. மற்ற வண்டிகளைப் போல அதற்குக் கனம் தாங்கும் கமான் பட்டை கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு இரும்புக் குண்டு, குண்டுக்குள் பாதி கேஸ், பாதி ஆயில். ஆயிலைத் தள்ள ஒரு பம்ப். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆயிலை விட ஒரு வால்வு. டிரைவர் குழந்தைசாமி கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வண்டி புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுத் தரையோடு தரையாக உட்காரும், இன்னொரு பக்கம் தள்ளினால் முதுகில் யார் கிடந்தாலும் அதே பழைய உயரத்துக்கு எழுந்து நிற்கும். ஊர் அதற்குக் கும்பிடு வண்டி என்று பேர் வைத்தது. அந்தக் கும்பிடுக்கு ஆசைப்பட்டே இரண்டு கிழவர்கள் அந்த வருசம் சீக்கிரம் செத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

வண்டியின் வயிற்றைத் தெரிந்தவன் அந்த வட்டாரத்திலேயே ஒருவன்தான், வாய்க்கால் ஓரத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அர்த்தநாரி. போர் போடும் ரிக் வண்டிகளின் ஹைட்ராலிக் முழுவதும் அவன் கைக்குப் பழக்கம். ஆயில் ஒழுகும் சத்தத்தை வைத்தே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவனிடம் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. யார் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், “நாளைக்கு ரெடிங்க” என்பான். பொய் சொல்கிறவன் இல்லை. சொல்லும்போது மனசாரத்தான் சொல்வான். ஆனால் நாளை வந்து சேரும்போது அது இன்றைக்கு ஆகிவிடும், இன்றைக்கு என்றால் வேறு வேலை இருக்கும். ஊரும் அதற்குத் தகுந்தபடி பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள் முந்தின சனிக்கிழமையே பைக்கைக் கொண்டுவந்து விட்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி பாவாயி, தினமும் காலையில் டீயைக் கொடுக்கும்போது, “ஏனுங்க, கிரைண்டரு” என்பாள். “நாளைக்குக் கண்டிப்பாப் பாத்தர்றேன்” என்பான் அர்த்தநாரி. கிரைண்டர் நின்றுபோய் ஒன்பது வருசம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் ரிக் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறவன் வீட்டில் பாவாயி ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில், பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தறிக்கார நல்லியப்பன் செத்துப்போனார். உயிரோடு இருந்தபோதே நாற்பத்தைந்து கிலோ தாண்டாத மனிதர். கும்பிடு வண்டி வழக்கம்போல மண்டி போட்டது, அவரை ஏற்றிக்கொண்டது, எழவில்லை. குழந்தைசாமி கைப்பிடியைத் தள்ளினான், இழுத்தான், கெட்ட வார்த்தை சொன்னான். பம்ப் உறுமியதே தவிர வண்டி தரையை விடவில்லை. அர்த்தநாரியைக் கூப்பிட்டார்கள். அவன் அடியில் தலையை விட்டுப் பார்த்து, ஆயில் சரி, குண்டு சரி, வால்வு சரி, பிணம்தான் கனம் என்றான். வெயில் ஏறியது, சங்கு ஊதுகிறவர் இரண்டு முறை ஊதி முடித்துவிட்டார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த நல்லியப்பனின் தம்பி பொறுக்க மாட்டாமல் கத்தினார்.

“என்ர ஓட்டு மேல சாஞ்சிருக்கற தென்னைய வெட்டிப் போடறேன்னு பதினாலு வருசமாச் சொன்ன மனுசன்! மழை வந்தா நான் குடையோட தூங்கறேன்! வெட்டாமயே போறாரு பாருங்க!”

மகனுக்கு மானம் போய்விட்டது. அரிவாளோடு இரண்டு பேரை அங்கேயே தென்னைக்கு அனுப்பினான். மரம் மடமடவென்று காட்டுப்பக்கம் சாய்ந்து மண்ணில் விழுந்த அதே நொடியில் இந்தப் பக்கம் கும்பிடு வண்டி, ஒன்றுமே நடக்காதது போல, நல்லியப்பனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. கூட்டம் மரத்தைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, பிறகு ‘கோவிந்தா’ போட்டுக்கொண்டு நடந்தது. மரத்தின் இளநீர் பதினெட்டையும் தம்பி வந்தவர்களுக்கு வெட்டிக் கொடுத்தார்.

செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்டது எல்லாம் இந்த வண்டியில் கனக்கிறது என்று அடுத்த மூன்று சாவில் ஊருக்கு உறுதியாகிவிட்டது. சொன்னதைச் செய்தால் கனம் இறங்கும், அல்லது யாரிடம் சொன்னதோ அவர் வந்து மனசார மன்னித்து, “போச்சாது, உடுங்க” என்றால் இறங்கும். ஏன் எதற்கு என்று யாரும் ஆராயவில்லை. மழை பெய்தால் வடாம் காயாது என்பது போல இதையும் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. செத்தவர்களை மட்டும்தானா நிறுக்கும், உயிரோடு இருப்பவர்களை நிறுக்காதா என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்ற, பெண் பார்க்க வந்த இடங்களில் காப்பிக்கும் காரத்துக்கும் முன்னால் பையனைக் கும்பிடு வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பின் பம்பர் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் ஜாதகம் எப்படிப் பொருந்தினாலும் பெண் கிடையாது. பிணவண்டியில் மாப்பிள்ளையா என்று முகம் சுளித்தவர்கள் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுப் பழகிக்கொண்டார்கள். குழந்தைசாமி எந்நேரமும் காதில் பென்சிலும் கையில் அடிக்கோலுமாக அலைந்தான். தையல்கார சிங்காரம் ஒருநாள் துணிந்து ஏறி உட்கார்ந்தார், வண்டி எட்டு விரல் இறங்கியது, மறுநாளில் இருந்து கடைக்கு வருகிறவர்களிடம், “வைகாசி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட்டு தர முடியாதுங்க, ஆனிக்குக் கேளுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார், அவருக்கு வியாபாரம் முன்னைவிடக் கூடியது.

‘செய்யறேன்’ என்ற சொல்லே ஊரில் புழக்கத்தில் இல்லாமல் போனது. ‘பாக்கலாம்’ கனக்காது என்று கண்டுபிடித்தார்கள். ‘ஆகட்டும் பாக்கலாம்’ அதைவிட லேசு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம், “வந்தா வருவனுங்க, வரலீன்னா வர மாட்டனுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள், வைத்தவர்களும் சந்தோசமாகவே போனார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி பழனியாண்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டு செய்யாமல் விட்டதற்கு எவ்வளவு கனம்? மொட்டை பாக்கி, தீச்சட்டி பாக்கி, கிடாய் பாக்கி என்று இருந்த பதினோரு பேரைப் பிடித்து ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்தார். வண்டி ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஆத்தா எல்லாரையும் மன்னித்துவிட்டாள் என்றார் பூசாரி. எதிர்த்த டீக்கடை மாரப்பன், “மன்னிச்சாளோ என்னவோ, நம்ம பேச்ச அவ ஒருநாளும் நம்புனதில்லீங்க, அதான்” என்றான். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்கள்.

இத்தனை அமர்க்களத்திலும் கும்பிடு வண்டிக்குள் ஒருநாளும் ஏறாமல் இருந்தவன் அர்த்தநாரி. அடியில் படுப்பான், பானெட்டுக்குள் தலையை விடுவான், கூரை மேல்கூட ஏறி நிற்பான். வண்டி அதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே மட்டும் ஏற மாட்டான். “அடியில படுக்கறவனுக்கு உள்ள என்னுங்க வேல” என்பான். முப்பது வருசத்து நாளைக்குகளை அவன் மறந்துவிடவில்லை. அடிக்கோலோடு குழந்தைசாமி பக்கத்தில் வந்தாலே அர்த்தநாரி ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். உண்மையைச் சொன்னால், அவன் சாவுக்குப் பயப்படவில்லை, சாவு வண்டிக்குத்தான் பயந்தான்.

ஆனி மாதத்தில் தலைவருக்கு முடியாமல் போனது. தலைவர் என்றால் பெரியண்ணன், ஒன்றியத்துக்கு ஐந்து முறை தலைவராக இருந்தவர். ஆற்றுக்குப் பாலம், பெண்களுக்குக் கல்லூரி, வீட்டுக்கு வீடு காவிரித் தண்ணீர், ரயில், ஒரு தேர்தலில் விமான நிலையம் உட்பட எல்லாவற்றையும் பட்டறைமேட்டுக்குக் கொடுத்தவர், மைக்கில். அவரை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் ஊர் முழுவதும் ஒரே யோசனைதான், தலைவர் ஏறினால் வண்டி எவ்வளவு இறங்கும்? சிலர் பாதாளம் என்றார்கள். சிலர் வண்டி போன இடத்தில் கிணறு கிடைக்கும், காவிரித் தண்ணீர் வாக்கு அப்படியாவது நிறைவேறும் என்றார்கள்.

தலைவரின் மகன் கடுங்கோ திங்கள்கிழமை காலை பட்டறைக்கு வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, கண் சிவந்திருந்தது.

“வேற வண்டியில கொண்டுட்டுப் போனா, எங்கப்பன் பயந்துட்டாருன்னு இந்த ஊரு சொல்லும். இதுலயேதான் போவாரு. ஒரு விரல் எறங்கக் கூடாது. என்ன பண்ணுவியோ பண்ணு.”

“அதுக்குன்னு கட்டோணுமுங்க. பெரிய வேலைங்க.”

“கட்டு. எறங்குச்சுன்னா, இந்தப் பட்டற நிக்கற எடம் வாய்க்காப் பொறம்போக்குன்னு எனக்குத் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும். எப்ப முடியும்?”

“நாளைக்கு ரெடிங்க” என்றான் அர்த்தநாரி. வாயில் இருந்து தானாக வந்துவிட்டது.

அன்றில் இருந்து அவன் வேலை செய்தது போல அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. ரிக் வண்டியை நிலத்தில் ஊன்றி நிறுத்தும் ஜாக்கி சிலிண்டர்களில் நாலைக் கழற்றிப் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக வெல்டு வைத்தான். பின்னால் இரண்டு குண்டு இருந்த இடத்தில் ஆறு குண்டு மாட்டி, கேஸை இரண்டு மடங்கு அழுத்தி ஏற்றினான். சின்ன பம்பைத் தூக்கி எறிந்துவிட்டு ரிக் பம்பை வைத்தான். ரப்பர் குழாய்களை எல்லாம் இரும்புக் குழாயாக மாற்றினான். உயரம் பார்க்கும் வால்வுக்குப் போகிற கம்பியை நாலு விரல் தூக்கிக் கட்டி, வண்டி எப்போதும் தன்னைத் தாழ்ந்துவிட்டதாகவே நினைத்து எக்கிக்கொண்டிருக்கும்படி செய்தான். புதன்கிழமை பார்க்க வந்த கடுங்கோவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் செய்தான்.

“கனத்துக்குன்னு கட்டுன வண்டிங்க இது. கனம் இல்லீன்னா நிக்காது, எகிறிரும்.”

“எங்கப்பனுக்குக் கனம் இல்லைன்னு எவன்டா சொன்னது?” என்றான் கடுங்கோ. அதற்குமேல் பேச முடியுமா?

வியாழக்கிழமை காலை சோதித்தார்கள். நாற்பது சிமெண்ட் மூட்டை ஏற்றியும் வண்டி அசையவில்லை. ஆனால் சிமெண்ட் மூட்டை யாருக்கும் எதையும் செய்கிறேன் என்று சொன்னதில்லையே? மூட்டைகளை இறக்கிவிட்டுக் கனமான ஆட்களாகப் பார்த்து ஏற்றினார்கள். பழைய பாக்கி இன்னும் கொஞ்சம் வைத்திருந்த தையல்கார சிங்காரம், கல்யாணத் தரகர் ஒருவர், கேபிள் டிவிக்காரர், நகை செய்கிற ஆசாரி, நாலு பேரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வண்டி அரை விரல் இறங்கி, ஒரு செருமல் செருமி, மேலே வந்தது. கூட்டம் கை தட்டியது. அப்போதுதான் பலகைக்கு அடியில் இருந்து ஆயில் சொட்டும் சத்தம் அர்த்தநாரிக்குக் கேட்டது.

ஒரு நட்டு தளர்ந்திருந்தது. வெளியில் இருந்து கை எட்டாது. உள்ளே பிணம் கிடக்கும் பலகையில் குப்புறப் படுத்து, இடுக்கில் கையை விட்டால்தான் எட்டும். குழந்தைசாமியின் கை இடுக்கில் நுழையாது. ‘தலைவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது. அர்த்தநாரி ஸ்பேனரோடு பின்கதவில் நின்றான். உள்ளே ஏறினால் மானம் போகும், ஏறாவிட்டால் பட்டறை போகும். முப்பது வருசம் நின்ற பட்டறை. ஏறிப் படுத்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நட்டைக்கூட முறுக்கி முடித்துவிட்டான். பிறகு வண்டி நிதானமாக, அவசரம் இல்லாத எருமை தண்ணீரில் இறங்குவது போல, இறங்க ஆரம்பித்தது. ரிக் பம்ப் அலறியது, ஆறு குண்டும் விம்மின, நாலு சிலிண்டரும் தங்கள் தண்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டன. பம்பர் தரையைத் தொட்டது, தொட்டபின் தரைக்குள் போனது, சக்கரம் மறைந்தது. பின்கதவு முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் புதைந்தபின்தான் வண்டி நின்றது. அடிக்கோலை எடுத்த குழந்தைசாமி அது போதாமல் வேட்டியை அவிழ்த்து அளக்கலாமா என்று யோசித்தான்.

“அர்த்தநாரி, உசுரோட இருக்கறயா?”

“இருக்கறன்” என்றான் கம்பி வலைக்குள் இருந்து. இத்தனை வருசம் எதற்குப் பயந்தானோ அது பட்டப்பகலில், ஊர் மொத்தமும் பார்க்க, நடந்துவிட்டது.

கதவு திறக்க வழியில்லை. பொக்லைனைக் கொண்டுவந்து வண்டியைத் தூக்கப் பார்த்தார்கள், பொக்லைனின் பின்பக்கம்தான் மேலே எழுந்தது. அதே நேரம் தலைவர் வீட்டுப் பக்கம் ஒப்பாரி கிளம்பியது. கடுங்கோ ஓடி வந்து, மண்ணில் புதைந்து கிடந்த வண்டியையும் அதற்குள் கிடந்த ஆளையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“எங்கப்பன் ஐஸ் பெட்டியில கெடக்கறாரு, நீ அவரு எடத்துல படுத்துட்டு இருக்கறயேடா!”

“ஊருல ஒருத்தரு பாக்கியில்லாம கூட்டியாங்க” என்றார் பூசாரி. “மன்னிச்சாத்தான் எந்திரிக்கும்.”

வந்தார்கள். மோட்டார் கட்டித் தருகிறேன் என்றதைக் கேட்டு ஏமாந்தவர், டிராக்டரை விதைப்புக்குக் கொடுத்து அறுப்புக்கு வாங்கியவர், இவன் பைக்கை முடிக்காததால் பெண் பார்க்கப் போகாமல் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருப்பவர் என்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் வலைக்குப் பக்கத்தில் குனிந்து, “போச்சாது, உடு அர்த்தநாரி” என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களை வண்டி ஏற்கவில்லை, அவர்களைத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து சொல்லச் சொன்னார்கள். ஒருவர் மன்னிப்பதற்கு முன்னால் தன் மொபட் ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டார். அர்த்தநாரி படுத்தபடியே, “ஏர் பில்டர கழுவுங்க” என்றான். நாற்பது பேரும் முடித்தபோது குழந்தைசாமி அளந்து பார்த்தான். நாலு விரல் ஏறியிருந்தது. மீதி அத்தனையும் மண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஊர் திகைத்துப்போனது. இன்னும் யாரிடம் சொல்லி வைத்திருக்கிறான் இவ்வளவு பெரிய வாக்கை? கொலை கிலை ஏதாவது இருக்குமோ என்றுகூட ஒருவர் மெதுவாகக் கேட்டார். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்.

“பாவாயியக் கூப்புடுங்க.”

பாவாயி மாவுக் கையோடு வந்தாள். கூட்டம் வழி விட்டது. வலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தாள்.

“என்னுங்க இது கோலம்?”

“போச்சாதுன்னு ஒரு வார்த்தை சொல்லீரு பாவாயி. எந்திரிச்சு வந்தர்றேன்.”

பாவாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லலாமுங்க. ஆனா மனசாரச் சொல்லோணுமாமே. எனக்கு மனசு வரலீங்க. வாயில சொல்லி என்ன பிரயோசனம்?” என்றாள்.

“அம்மா, எங்கப்பன் காத்துட்டு இருக்கறாரு!” என்று கடுங்கோ கத்தினான்.

“நான் ஒம்பது வருசமாக் காத்துட்டு இருக்கறனுங்க தம்பி. உங்கப்பாரு இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாரு” என்றாள் பாவாயி. பிறகு திரும்பி நாலு ஆட்களைப் பார்த்து, வீட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடியிருக்கும் கிரைண்டரைத் தூக்கி வரச் சொன்னாள். நாலு பேரும் தலைவரைத் தூக்க வந்தவர்கள். கிரைண்டரைத் தூக்கப் போனார்கள்.

கிரைண்டர் வந்தது. சாக்கை எடுத்தபோது ஒரு பொட்டுத் தூசி இல்லை, வாராவாரம் துடைத்திருந்தாள். வலையின் ஓரத்தை வெட்டி இரண்டு கை நுழைகிற அளவுக்கு விட்டார்கள். அர்த்தநாரி படுத்தவாக்கில் கையை வெளியே நீட்டி வேலை செய்தான். கெபாசிட்டர் போயிருந்தது, ஒரு புஷ் தேய்ந்திருந்தது, இரண்டையும் பட்டறையில் இருந்து எடுத்துத் தந்தார்கள். “பெல்ட்டும் அத்துப் போச்சே, அதுக்குச் சங்ககிரி போகோணும்” என்றான். பாவாயி இடுப்பில் இருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். புது பெல்ட்.

“எப்ப வாங்குன?”

“நீங்க நாளைக்குப் பாத்தர்றேன்னு மொதல்ல சொன்னீங்கல்ல, அன்னைக்கு.”

அர்த்தநாரி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு பெல்ட்டை மாட்டினான். பட்டறைப் பிளக்கில் இருந்து வயரை இழுத்துக் கொடுத்தார்கள். ஆரம்பித்ததில் இருந்து பதினோரு நிமிசம். கிரைண்டர் ஒரு முனகல் முனகிச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிய அந்த நொடியில் கும்பிடு வண்டி மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, அவன் கட்டிய உயரத்துக்கு நின்றது, கதவு திறந்துகொண்டது. யாரும் கை தட்டவில்லை. பாவாயி கிரைண்டரை நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்து, திருப்தியாகி, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

தலைவரைக் கொண்டுவந்தார்கள். மாலை, கொடி, வெடி. ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின் பம்பரையே பார்த்தது. குழந்தைசாமி முன்னெச்சரிக்கையாக இரண்டு அடிக்கோலைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். வண்டி மண்டி போட்டது, தலைவர் ஏறினார், கைப்பிடியைத் தள்ளினான். வண்டி எழுந்தது. இம்மியும் குறையாமல் எழுந்தது. எழுந்த பின் ஒரே ஒரு விரல் மட்டும், யாரோ வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பது போல, கீழே இறங்கி நின்றது.

பாலம், கல்லூரி, காவிரி, ரயில், விமான நிலையம். அத்தனைக்கும் ஒரு விரல்தானா?

“அட!” என்றான் டீக்கடை மாரப்பன், ஊருக்கே கேட்கிற மாதிரி. “நம்புனாத்தானய்யா கனம்! இவரு சொன்னத எவன் நம்புனான்? நானு நம்பல. நீ நம்புனயா?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை. ஓட்டுப் போட்டவர்கள்கூட நம்பிப் போடவில்லை. அப்படியானால் அந்த ஒரு விரல்? யாருய்யா அந்த மடையன் என்று கூட்டம் திரும்பித் திரும்பித் தேடியது. கடுங்கோதான் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். சின்னப் பிள்ளை போல அழுதுகொண்டிருந்தான்.

“நான் எட்டாவது படிக்கறப்ப, ஞாயித்துக்கெழம கெணத்துல நீச்சல் பழக்கி உடறேன்னாருங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கெணத்து மேட்டுல போய் உக்காந்திருப்பன். எனக்கு இன்னும் நீச்சல் தெரியாதுங்க” என்றான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தகப்பன் காலைத் தொட்டு, “போச்சாதுப்பா” என்றான்.

அந்த விரலும் போனது. அர்த்தநாரி சொன்னது நடந்தது. பெரும் கனத்துக்கென்று கட்டிய ஆறு குண்டும் நாலு சிலிண்டரும் ரிக் பம்பும் தாங்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல் மொத்தமாக எக்கின. கும்பிடு வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தவளை எம்புவதற்கு முன் இருப்பது போல, மூக்கு தரையைத் தேய்க்கக் கிளம்பியது. தலைவர் பலகையில் தலைப்பக்கமாகச் சரிந்தார், நாலு பேர் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு கூடவே ஓடினார்கள். பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வண்டி துள்ளியது, தலைவரின் கை மாலைக்குள் இருந்து எழும்பி எழும்பிக் கூட்டத்துக்கு ஆட்டியது. முதலில் பூசாரிதான் சிரித்தார். அப்புறம் ஊர் முழுவதும் சிரித்தது, கடைசியில் கடுங்கோவும் அழுதுகொண்டே சிரித்தான். பட்டறை இடத்தைப் பற்றி அவன் அதற்குப்பின் பேசவில்லை.

அர்த்தநாரி சிரிக்கவில்லை. சுடுகாட்டுக்கும் போகவில்லை. பட்டறை வாசலில் பம்பர் பறித்த குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் நாற்பது பேருக்கும் சேர்த்து நாலு விரல். அவர்கள் யாரும் அவனை முழுசாக நம்பியதில்லை, அதனால்தான் சனிக்கிழமையே பைக்கை விட்டார்கள். மீதிக் குழி முழுவதும் ஒருத்தியுடையது.

வீட்டுக்குப் போனான். வாசலிலேயே கிரைண்டர் சத்தம் கேட்டது. பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தான்.

“ஏம்புள்ள, ஒம்பது வருசமா தெனமும் சொன்னனே. தெனமுமா நம்புன?”

பாவாயி மாவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்ன? நீங்கதான சொன்னீங்க” என்றாள்.

அர்த்தநாரி எழுந்திருக்கப் பார்த்தான். உடனே முடியவில்லை.